முதலில் சிரித்தவள்

நாஷ்வில், டென்னசி
ஏப்ரல் 9, 1984

திருமதி இமொஜீன் அவர்களுக்கு,

நான் ட்வைலா பிரூயிட். ஓடெலின் மனைவி. பத்து வருடமாக மனைவி. நாம் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறோம், பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்த அன்று. நீலத் தொப்பி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

உங்கள் ஊர் சீடர் நாப்பில், அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று ஓடெல் எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தேன். கல் ஏற்கனவே அங்கே நிற்கிறது, இறந்த வருடத்தைச் செதுக்கினால் போதும் என்றார்கள். அன்றைக்கு அந்தக் கல்லை யாரால் பார்க்க முடிந்தது? கிட்டார் வடிவத்தில் பதினான்கு மலர் வளையங்கள் அதன்மேல் சாய்ந்து கிடந்தன. போன வாரம் ஒரு ரசிகர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அதில்தான் பார்த்தேன்.

இடது பக்கம் ஓடெல், 1920 - 1984. வலது பக்கம் இமொஜீன், 1923, ஒரு கோடு, அப்புறம் வெறும் இடம். நடுவில் ஒன்றோடொன்று கோத்த இரண்டு மோதிரங்கள்.

கணவனும் மனைவியும் உயிரோடு இருக்கும்போதே ஒரே கல்லில் இருவர் பெயரையும் செதுக்கி வைப்பது உங்கள் பக்கத்து வழக்கம் என்று எனக்குத் தெரியும். விவாகரத்து ஆனால் பெயரை எடுத்துவிடுவதும் வழக்கமாகத்தான் இருக்க வேண்டும். பதினோரு வருடமாக மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பெயருக்கு உரியவர் சம்மதிக்காமல் கல்லைத் தொடமாட்டேன் என்கிறார் கல் செதுக்குபவர். சம்மதக் கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் போதும்.

இந்த மாதத்துக்குள் அனுப்பினால் நல்லது.

ட்வைலா பிரூயிட்


சீடர் நாப், டெக்சஸ்
ஏப்ரல் 17, 1984

ட்வைலாவுக்கு,

"திருமதி இமொஜீன்" என்று எழுதியதும் உன் பேனா நொண்டியடித்து நின்றுவிட்டதே. அடுத்த வார்த்தை எழுதக் கை வரவில்லையா? நான் எழுதிக் காட்டுகிறேன்: பிரூயிட். என் முடி திருத்தும் கடைப் பலகையில் முப்பத்தெட்டு வருடமாக அந்தப் பெயர்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் பலகையை மட்டுமல்ல, ஊரையே மாற்ற வேண்டும்.

நான் எதையும் மறக்கவில்லை. விவாகரத்தான வாரமே வெர்னன், அதான் உன் கல் செதுக்குகிறவன், கடைக்கு வந்து கேட்டான். "இமோ, பேரைத் தேச்சு எடுத்துடவா?" "உளியை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுடா" என்றேன். ஆள் போனால் போகட்டும், கல் எங்கே போகும்? பார், கடைசியில் ஆளும் திரும்பி வந்துவிட்டார்.

ஊரெல்லாம் உன்னைப் பாடச் சொல்கிறார்களாமே, ஓடெலின் அந்தப் பாட்டு எங்கே பிறந்தது தெரியுமா? என் சமையலறை மேஜையில். 1968 நவம்பர். ஓடெலின் நுரையீரலில் புள்ளி இருக்கிறது, ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம், ஒரு கஞ்சாச் சுருட்டைப் பற்றவைத்ததுதான். புள்ளி விழுந்த நுரையீரலுக்கு வைத்தியம் பார்க்கிறாராம்! அப்புறம் கிட்டாரை எடுத்தார்.

நான் செத்தா நாலு பேரு நீட்டி முழக்கி அழவேணாம்
நெஞ்சு மேல மண்ணைப் போட்டு நாலு கஞ்சா விதை போடு
ஷெரீப் வந்து கேட்டாருன்னா தோண்டி எடுத்துக்கச் சொல்லு
கைவிலங்கு மாட்டணும்னா எலும்பைப் பொறுக்கிக்கச் சொல்லு

புள்ளி வெறும் அழுக்கு, எக்ஸ்ரே எடுக்கும் இயந்திரத்தில் இருந்தது என்று ஜனவரியில் தெரிந்தது. ஆளும் பிழைத்தார், பாட்டும் பிழைத்தது. அந்த வருடம்தான் கல்லையும் வாங்கினோம். சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டி வேறென்ன வாங்குவார்கள்?

கடைசி இரண்டு வரியை நீயே பாடிப் பார்.

காலையில வாளியோட கண்மணி ஒருத்தி வருவா
முதல்ல சிரிச்சவ எவளோ அவளே தண்ணி ஊத்துவா

யாரந்த முதலில் சிரித்தவள்? அந்த மேஜையில் அவரையும் என்னையும் தவிர ஒரு பூனை இருந்தது. பூனை சிரிக்கவில்லை.

உன் சம்மதக் கடிதத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சாமான் பட்டியல் எழுதிக்கொண்டேன். நன்றி.

இமொஜீன் பிரூயிட்


நாஷ்வில்
மே 5, 1984

திருமதி இமொஜீன் அவர்களுக்கு,

ஓடெல் என்னிடம் சொன்ன கதையில் சிரிப்பே இல்லை. "இமோ எங்க சிரிச்சா? வாணலியத் தூக்கி என் மேல எறிஞ்சா. 'நீ மட்டும் செத்துப் பாரு, கொன்னுடுவேன்'னு கத்தினா." இது அவர் வாயிலிருந்து வந்தது. நெற்றியில் தழும்பைக்கூடக் காட்டினார்.

நான் எங்கே சிரித்தேன் என்று சொல்கிறேன். 1971, ஆஸ்டினுக்கு வெளியே ஒரு நடன மண்டபம். பிடில் வாசிக்க அவர் குழுவில் சேர்ந்து நாலாவது நாள். அந்தப் பாட்டை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எலும்பைப் பொறுக்கும் வரி வந்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, வில் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவரும் பார்த்தார். கடைசி இரண்டு வரி அதற்குப் பிறகுதான் பாட்டில் வந்தது. சந்தேகமிருந்தால், அதற்கு முன் அவரோடு வாசித்த யாரையாவது கேளுங்கள். உங்கள் மேஜையில் பிறந்த பாட்டில் அந்த வரிகள் இல்லை. அது உங்களுக்கும் தெரியும்.

இப்போது மேடையில் நான்தான் அதைப் பாடுகிறேன். கடைசி வரி வரும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் புரிகிறது.

மே கடைசியில் உங்கள் ஊரில் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள் வருமாமே. அன்று எங்களுக்கு ஒஹாயோவில் நிகழ்ச்சி. என்னால் வர முடியாது. தேவாலயத்தில் யாராவது செய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டாம்.

ட்வைலா பிரூயிட்


சீடர் நாப்
ஜூன் 12, 1984

ட்வைலாவுக்கு,

செய்ய வேண்டாம் என்றாய். அதனால் செய்தேன்.

ஊரே மண்வெட்டியும் வாருகோலுமாக வந்திருந்தது. பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் லாரிகளின் பின்பலகையில் பரப்பியாயிற்று. உன் ரசிகர்கள் விட்டுப்போன பீர் பாட்டில்களையே இரண்டு கோணி பொறுக்கினேன். ஒருவன் தன் பல்செட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எதற்கென்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

சொல்ல மறந்துவிட்டேனே, ஓடெலின் நெஞ்சுக்கு நேர் மேலே ஒரு செடி முளைத்திருக்கிறது. இடுப்பு உயரம் வந்துவிட்டது. பாதிரியார் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன சிஸ்டர் இது, வெண்டையா?" "வெண்டைதான் பாஸ்டர்." "இந்த வருசம் எங்க வீட்டு வெண்டை எல்லாம் பூச்சி அரிச்சிடுச்சு. காய்ச்சா நாலு குடுங்க" என்றார். தருகிறேன் என்றேன். நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் சந்தோஷமாகப் பிரசங்கம் செய்யட்டும்.

இங்கே மழை இல்லை. வாரத்தில் மூன்று காலை வாளியோடு போகிறேன். "வாளியோட கண்மணி ஒருத்தி" என்று இருக்கிறதல்லவா, அது அறுபத்தொரு வயதுக் கண்மணியாக, முழங்கால் வலியோடு போகிறது. நீ மேடையில் நெஞ்சில் கை வைத்துக்கொள். தண்ணீர் இங்கே நான் ஊற்றிக்கொள்கிறேன். டென்னசியிலிருந்து வாளி தூக்கி வந்தால் பாதி வழியில் சிந்திவிடும்.

இமொஜீன் பிரூயிட்


நாஷ்வில்
ஜூன் 20, 1984

இமொஜீன் அவர்களுக்கு,

இன்று காலை உங்கள் ஊர் ஷெரீபுக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. "பிரூயிட் கல்லறையில் முளைத்திருப்பது வெண்டை இல்லை, போய்ப் பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பாட்டில்களைப் பற்றி எழுதினீர்கள், பாதிரியாரைப் பற்றி எழுதினீர்கள், அதோடு நிறுத்தியிருக்கலாம். வாளியைப் பற்றி ஏன் எழுதினீர்கள்? ஐந்து நாளாகக் கண்ணை மூடினால் அந்த வாளிதான் வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது. இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

ட்வைலா


சீடர் நாப்
ஜூலை 3, 1984

ட்வைலாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே ஷெரீப் வந்துவிட்டான். லோமாக்ஸ். அவன் தலைக்கு முதன்முதலில் கத்தரி வைத்ததே நான்தான், மூன்று வயதில். கூட ஒரு துணை ஷெரீபும் ஒரு மண்வெட்டியும். "தோண்டி எடுத்துக்கச் சொல்லு" என்று பாட்டில் வருவதை அந்தத் துணை ஷெரீப் முணுமுணுத்தான். லோமாக்ஸ் முறைத்ததும் இருமினான்.

"அத்தை, யாரோ ரசிகன் விதை போட்டிருப்பான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பிடுங்கிப் போட்டுட்டு நாங்க போயிடறோம்" என்று கெஞ்சினான் லோமாக்ஸ். நல்ல பையன். வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

என்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒரு ரசிகனுக்கு அதைக் கொடுக்கவா? "நான்தான் நட்டேன். நான்தான் தண்ணி ஊத்தினேன்" என்றேன். ஆமாம், நான்தான். ஓடெலின் பழைய புகையிலை டப்பாவில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த விதைகள். உன் முதல் கடிதம் வந்த மறுநாள் போட்டேன்.

ஒரு பகல் முழுக்க உள்ளே வைத்திருந்தார்கள். செய்தித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், தலைப்பைப் படி. "பாடகர் பிரூயிட்டின் மனைவி கைது." மனைவி. முன்னாள் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடு. இன்னொரு பிரதியைக் கடையில் பெரிய கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 30 அன்று விசாரணை. இந்த ஊரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு வருடம்கூடப் போடலாம் என்கிறார் வக்கீல். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ என்னைக் கவிழ்க்கப் போய், பதினோரு வருடமாக எனக்குக் கிடைக்காததைக் கையில் கொடுத்துவிட்டாய். சிறைக்குப் போனாலும் அவர் பெண்டாட்டி என்றுதானே போவேன்.

இமொஜீன் பிரூயிட்


நாஷ்வில்
ஜூலை 12, 1984

இமொஜீன் அவர்களுக்கு,

அந்தச் செய்தித்தாளுக்கு மூன்று முறை போன் செய்தேன். திருத்தம் போட மாட்டார்களாம்.

30-ஆம் தேதி வருகிறேன். உங்களுக்காக அல்ல.

ட்வைலா பிரூயிட்


சீடர் நாப்
ஆகஸ்ட் 4, 1984

ட்வைலா,

விசாரணை முடிந்ததும் வாசலில் உன்னைத் தேடினேன். உன் கார் கிளப்பிய புழுதிதான் இருந்தது. ஒரு காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். விஷம் வைத்திருக்க மாட்டேன், அன்றைக்கு மட்டும்.

நீ எழுந்து நின்று "அந்தச் செடி என்னுது" என்றதும், என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறாளோ என்று ஒரு நொடி நெகிழ்ந்துபோய்விட்டேன். அடுத்ததாகச் சொன்னாயே, அப்போதுதான் புரிந்தது. "சட்டப்படி விதவை நான். அவர் என்னுடையவர், அவர் படுத்திருக்கிற மண்ணு என்னுது, அதுல முளைச்சதும் என்னுதுதான். இந்தம்மா சும்மா தண்ணி ஊத்துன ஆளு." ஐயோ, எனக்கு வந்த கோபம்! தண்ணீர் ஊற்றும் ஆளாம்! "நீங்க டென்னசியில இருந்துக்கிட்டு எப்படிம்மா நட்டீங்க?" என்று நீதிபதி கேட்டதற்கு, "அடக்கத்தன்னைக்கே விதை போட்டுட்டேன்" என்று கண் இமைக்காமல் புளுகினாய். பிப்ரவரிப் பனியில் எந்த விதை முளைக்கும்? நானும் சும்மா இருக்கவில்லை, "பொய்யி! ஏப்ரல்ல போட்டது நானு!" என்று கத்திவிட்டேன். என் வக்கீல் தலையை மேஜையில் வைத்துப் படுத்துவிட்டார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே, நீ பார்த்தாயா? "முப்பது வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். வர்றவன் எல்லாம் 'நான் இல்லை, அவன்'னுதான் சொல்லுவான். 'நான்தான், அவ இல்லை'ன்னு ரெண்டு பேரு சண்டை போட்டு இன்னைக்குத்தான் பாக்குறேன். போங்கம்மா, வீட்டுக்குப் போங்க. இனிமே அங்க புல்லைத் தவிர எதுவும் முளைக்கக் கூடாது." இரண்டு பெண்டாட்டிக்காரனுக்குக் கொண்டை எதற்கு என்பார்கள். ஓடெலுக்கு ஐம்பதைத் தாண்டியதும் வழுக்கை விழுந்தது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி விளையாட்டில்லாமல் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. நான் சிரிக்கவில்லை. வாணலியை எறிந்ததும் உண்மை, அப்புறம் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் உண்மை. கடைசி இரண்டு வரி அன்றைக்கு இல்லை. மூன்று வருடம் கழித்து வானொலியில்தான் கேட்டேன், ஒருத்திக்குத் தலையில் சுருள் போட்டுக்கொண்டிருந்தபோது. கேட்ட மாத்திரத்திலேயே வேறொருத்தி வந்துவிட்டாள் என்று தெரிந்துவிட்டது. வந்தவள் நீ.

அன்றிலிருந்து உன்மேல் எனக்குப் பொறாமை. உன் இளமைமேல்கூட இல்லை, அந்த வரிமேல். அடக்கத்தன்று இன்னொன்றும் சேர்ந்தது. "என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரு" என்று நீ பாதிரியார் மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதனால்தான் உன்னிடம் வந்து பேசவில்லை. இருபத்தேழு வருடம் அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டேன், பல்வலிக்குக் கிராம்பு வைத்தேன். அவர் எப்படிப் போனார் என்று கேட்கக்கூட எனக்கு உரிமையில்லாமல் போனது. உள்ளூர்க் கடையில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். பாடிக்கொண்டே போனார் என்கிறான் ஒருவன். ஜோக் சொல்லிக்கொண்டே போனார் என்கிறாள் இன்னொருத்தி.

அதனால் ஒன்று கேட்கிறேன். அவருடைய கடைசிக் காலையை எனக்கு எழுது. என்ன சொன்னார், என்ன சாப்பிட்டார், பயந்தாரா, எதையும் விடாமல் எழுது. எழுதினால் நான் வெர்னனிடம் போய், என் பெயரைத் தேய்த்து எடுக்கச் சொல்கிறேன். அந்தப் பாதிக் கல் உனக்கு. சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. இந்த முறை முன்பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதிதான் போடவில்லை.

இமொஜீன்


நாஷ்வில்
ஆகஸ்ட் 13, 1984

இமொஜீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே நாலு முறை படித்தேன். கேட்டதை எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

இந்த முறை புள்ளி அழுக்கு இல்லை. ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. கடைசிக் காலை ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி இருக்கும். நர்ஸ் ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "உப்பும் இல்லை, சக்கரையும் இல்லை. பொணம்கூடத் துப்பிடும்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். கதவு மூடியதும் அவர் முகம் மாறிவிட்டது. பயந்தாரா என்று கேட்டீர்கள். பயந்தார். போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சிரிக்க வைக்க நான் அந்தப் பாட்டை மெல்லப் பாடினேன். கடைசி வரிக்கு வந்ததும் பத்து வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கேட்கலாமா? கேட்டேன். "'முதல்ல சிரிச்சவ'ன்னு வருதே, அது யாரு? நானா, அவங்களா?"

"யாருமில்லைடி" என்றார். "அந்த எடத்துல ரெண்டு வரி குறைஞ்சுது. மெட்டுக்குச் சரியா வந்து உக்காந்துச்சு, விட்டுட்டேன்."

எனக்கு எப்படி வலித்தது என்று உங்களுக்கு மட்டும்தான் புரியும். பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரம். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். கீழே ஒரு ஆள் தன் கார்க் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஓடெல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தரம். காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிடட்டும், கொஞ்சம் கெஞ்சட்டும் என்று இருந்தேன். கீழே அந்த ஆள் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனான்.

நான் திரும்பியபோது அவர் போய்விட்டிருந்தார்.

கையைப் பிடித்திருந்தேன் என்று நர்ஸிடம் சொன்னேன். உங்கள் ஊரிலும் அதையே சொன்னேன். இப்போது மேடையில் தினமும் சொல்கிறேன்.

அக்கா, உங்கள் சம்மதக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கல்லுக்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. உங்கள் பெயர் அங்கேயே இருக்கட்டும்.

ட்வைலா